பல் வைத்தியரின் இரண்டு பதிவேடுகள்

பல் போனால் சொல் போச்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. சொல்லையே முதலாகக் கொண்டு பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவன் ஆதலால், பல் மருத்துவரின் நாற்காலியில் நான் பலமுறை அமர்ந்ததுண்டு. அந்த நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தவன் பேச இயலாது. தலையைத் திருப்ப இயலாது. தன் வாய்க்குள் நடப்பதைக் காணவும் இயலாது. அவன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் பட்டமும் பதிவுச் சான்றுமே. அச்சான்று அவனுக்கு எதனை உறுதி கூறுகிறது, எதனை உறுதி கூறவில்லை என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதனை நான் மருத்துவனாக நின்று ஆராயப் போவதில்லை; வரலாறு கற்பித்த ஆசிரியனாகவே ஆராயப் போகிறேன்.

மேல்நாடுகளில் நெடுங்காலம் பல் பிடுங்குதல் நாவிதர் தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1540-ஆம் ஆண்டில், ஒரு சட்டம் நாவிதரையும் அறுவை மருத்துவரையும் ஒரே சங்கத்தில் சேர்த்தது. சேர்த்த அச்சட்டமே இருவருக்கும் வேலையைப் பிரித்தும் கொடுத்தது. நாவிதர் அறுவை மருத்துவம் செய்யலாகாது. ஆனால் பல் மட்டும் பிடுங்கலாம் என்றது. அரசின் கண்ணில் பல் அத்துணை எளிய பொருளாக இருந்தது போலும். சந்தைகளில் மேடை போட்டுப் பல் பிடுங்கியவர்கள், நோயாளியின் அலறல் சூழ நிற்பவர் செவியில் விழாதிருக்கப் பறை கொட்டச் செய்தனர் என்றும் சொல்வர்.

இத்தொழிலுக்கு ஒரு நூலும் ஒரு கல்லூரியும் ஒரு சட்டமும் வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று. பாரிஸ் நகரத்துப் பியர் ஃபோஷார் 1728-இல் பல் மருத்துவத்துக்கென இரண்டு தொகுதி கொண்ட பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதற் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. அடுத்த ஆண்டே அலபாமா மாநிலம் இத்தொழிலை ஒழுங்கு செய்ய ஒரு சட்டம் இயற்றியது. இவற்றை விரைவாகக் கடந்து செல்கிறேன். ஏனெனில் பல் மருத்துவத்தை உண்மையிலேயே மாற்றியது சட்டமன்று, மயக்க மருந்து.

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பல் மருத்துவர் ஹோரேஸ் வெல்ஸ் என்பவர் சிரிப்பூட்டும் வாயுவைத் தாமே முகர்ந்து, தம் பல்லை இன்னொருவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். வலி தெரியவில்லை. 1846 அக்டோபர் 16-இல் வில்லியம் மார்ட்டன் என்னும் மற்றொரு பல் மருத்துவர் பாஸ்டன் மருத்துவ மனையில் ஈதரின் ஆற்றலை ஊரறியக் காட்டினார். வலியை வென்ற பெருமையில் பெரும்பங்கு பல் மருத்துவருக்கே உரியது என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும் 1848 ஜனவரியில், நியூகாசில் நகரையடுத்து 15 வயதுப் பெண்ணொருத்தி, கால்விரல் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபாரம் கொடுக்கப்பட்டவள், சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். இத்தகைய மரணங்கள் பின்னர்ப் பல் மருத்துவரின் நாற்காலியிலும் நேர்ந்தன. பல்லைப் பிடுங்குபவரே மயக்கமும் கொடுப்பார். இரண்டு வேலைக்கும் ஓர் ஆள். பிரிட்டனில் இவ்வழக்கம் எப்பொழுது நின்றது தெரியுமா? 1990-இல் ஒரு குழுவின் அறிக்கை எச்சரித்தது. 1998-இல் பொதுப் பல் மருத்துவக் கவுன்சில் கடுமையான நெறிகளை வகுத்தது. 2001 டிசம்பர் முடிவோடுதான், முழு மயக்கம் கொடுத்துப் பல் வைத்தியம் செய்வது மருத்துவ மனைகளுக்கு மட்டுமே உரியது என்று ஆயிற்று. நியூகாசில் பெண் இறந்து 153 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கிடையில் சட்டம் எதனைப் பற்றிக் கவலை கொண்டிருந்தது? பெயரைப் பற்றி. பல் மருத்துவர் என்ற பெயரை யார் வைத்துக்கொள்ளலாம் என்பது பற்றி.

1878-இல் பிரிட்டன் இயற்றிய பல் மருத்துவர் சட்டம் ஒரு பதிவேட்டைத் திறந்தது. அதற்காகப் பாடுபட்ட ஜான் டோம்ஸ் என்பவரின் பெயரே அதில் முதலில் எழுதப்பட்டது. பதிவு பெறாதவர் தம்மைப் பல் மருத்துவர் என்று சொல்லிக்கொள்வது குற்றம். ஆனால், அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் பல் பிடுங்குவது குற்றமன்று! சட்டம் எழுதியோர் கதவைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்தனர். பதிவில்லாதவர்கள் பலகையில் பல் மருத்துவர் என்று எழுதாமல், செயற்கைப் பற்கள் கிடைக்கும் என்றும், வலியின்றிப் பல் எடுக்கப்படும் என்றும் எழுதித் தொழிலை வளர்த்தனர். 40 ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. 1919-இல் வெளியான ஒரு குழுவின் அறிக்கை இதனை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. 1921-இல் புதிய சட்டம் வந்தது. இனிப் பதிவு பெற்றோரே தொழில் நடத்தலாம் என்று அது விதித்தது.

ஆனால் ஏற்கெனவே தொழில் நடத்தி வந்தவர்களை என்ன செய்வது? அவர்களுக்கும் குடும்பம் உண்டு. அவர்களை விட்டால் ஏழைகளின் பல்வலிக்கு வேறு போக்கிடமும் இல்லை. முந்திய 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் இத்தொழிலையே முதன்மையான பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களுக்கு அச்சட்டம் பதிவேட்டில் இடம் தந்தது. இதனைச் சிலர் குறை கூறுவர். நான் கூற மாட்டேன். அந்தத் தலைமுறை மறையும்போது அந்தக் குறையும் தானே மறைந்துவிடும் என்று சட்டம் இயற்றியோர் கணித்தனர், அவ்வாறே நடந்தது.

நம் நாடும் ஏறக்குறைய இந்த வழியிலேயே சென்றது. கல்கத்தாவில் 1920-இல் பல் மருத்துவக் கல்லூரி நிறுவிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது முதலானோர் முயற்சியால் வங்காளத்தில் 1939-இல் ஒரு சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1949-இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. மாநிலந்தோறும் பதிவேடு; அதில் ஏ பகுதி, பி பகுதி என இரண்டு. பட்டம் பெற்றவர் முதற் பகுதியில். பட்டமின்றியும் பல ஆண்டுகள் தொழில் செய்து பழகியவர் இரண்டாம் பகுதியில். சென்னை, கல்கத்தா போன்ற நகரங்களில் தலைமுறை தலைமுறையாகப் பல் வைத்தியம் செய்த சீனக் குடும்பங்களைப் பழைய நகரவாசிகள் பலர் அறிவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது 1953-இல். ஆயினும் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் வாரச் சந்தையில், தரையில் துணி விரித்துப் பிடுங்கிய பற்களைக் குவியலாக வைத்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். அக்குவியலே அவருக்கு விளம்பரம், அதுவே சான்றிதழும். அவரது குறடு ஒவ்வொரு முறையும் ஒரு சாயத் துண்டில் துடைக்கப்பட்டது. அத்துண்டு எப்பொழுதாவது வெளுக்கப் போயிற்றா என்பதை நான் அறியேன்.

சட்டங்கள் கவனியாது விட்ட இடம் அந்தத் துண்டுதான்.

வாய்க்குள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு அப்பொழுது புதிதன்று. பெர்லின் நகரில் பணியாற்றிய மில்லர் என்னும் அமெரிக்கர் மனித வாயின் நுண்ணுயிர்களைப் பற்றி 1890-இலேயே நூல் எழுதிவிட்டார். கருவிகளை நீராவி அழுத்தத்தில் தூய்மை செய்யும் ஆட்டோகிளேவ் என்னும் கலத்தைப் பாஸ்டரின் துணைவர் சாம்பர்லாண்டு 1879-இல் அமைத்திருந்தார். வெறுங் கொதிநீர் பல கிருமிகளைக் கொல்லும். ஆனால் சில கிருமிகள் உறைபோன்ற வித்துக்களாக ஒடுங்கி, கொதிநீரிலும் சாகாது கிடக்கும். அழுத்தத்தோடு கூடிய நீராவி 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடமேனும் நின்றால்தான் அவை அழியும். நம் வீட்டுப் பெண்கள் பிரஷர் குக்கரில் பருப்பு வேகவைப்பதன் தத்துவமும் இதுவே. அறிவும் இருந்தது, கருவியும் இருந்தது. செய்தே தீரவேண்டும் என்ற விதிதான் இல்லை. 1980-களின் நடுப்பகுதி வரையில், செல்வம் மிக்க நாடுகளிலும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் வெறுங்கையோடுதான் வாய்க்குள் வேலை செய்தனர்.

அமெரிக்காவில் 1970 முதல் 1987 வரை, மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி நோய், நோயுற்ற பல் மருத்துவப் பணியாளரிடமிருந்து நோயாளிகளுக்குக் கூட்டமாகப் பரவிய நிகழ்ச்சிகள் ஒன்பது கணக்கில் வந்தன. ஆனால் நாடு விழித்தெழுந்தது 1990-இல். ஃபுளோரிடா மாநிலத்தில், எச்.ஐ.வி. தொற்றிய பல் மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண்ணுக்கு அந்நோய் கண்டது. ஆராய்ந்தபோது அவரிடம் சென்றவருள் ஆறு பேருக்கு அவரிடமிருந்தே தொற்றியது தெளிவாயிற்று. எவ்வழியாகத் தொற்றியது, கையிலிருந்தா, கருவியிலிருந்தா என்பது கடைசிவரை துலங்கவில்லை. துலங்காத அந்த ஐயமே ஜனங்களை மிகவும் அச்சுறுத்தியது. 1991 டிசம்பரில், இரத்தத்தால் பரவும் நோய்களிலிருந்து பணியாளரைக் காக்கும் விதிகள் அந்நாட்டில் வெளியிடப்பட்டன. கையுறையும் முகமூடியும் கட்டாயமாயின. 1993-இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட நெறிமுறை, பல்லைக் குடையும் கைக்கருவியையும் ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் வெப்பத்தால் தூய்மை செய்ய வேண்டும் என வற்புறுத்தியது. அதற்குமுன் அதனை ஸ்பிரிட்டில் துடைத்து அடுத்தவர் வாயில் வைப்பதே பலருக்கு வழக்கம்.

அந்தக் கைக்கருவிக்கு ஒரு கதை உண்டு. 1957-இல் வாஷிங்டன் நகரத்து ஜான் போர்டன் காற்றால் சுழலும் புதிய கருவியை அறிமுகம் செய்தார். நிமிடத்துக்கு 3,00,000 சுற்றுக்கு மேற்பட்ட வேகம்! முன்பு அரை மணி நேரம் நறநறவென்று அரைத்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் அவ்வேகத்தில் பல் சூடேறிவிடும். ஆதலால் நீரைப் பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அந்நீர் மெல்லிய குழாய்களின் வழியே வருகிறது. இரவெல்லாம் அசையாமல் அக்குழாய்களில் நிற்கும் நீரில் நுண்ணுயிர்கள் பாசிபோலப் படிந்து பெருகுகின்றன என்பதை 1963-இலேயே ஓர் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். கேட்டவர் சிலரே. இத்தாலியில் 2011-இல் 82 வயது மூதாட்டி ஒருவர் நிமோனியாவால் இறந்தார். கிருமி வந்த வழி பல் மருத்துவ நாற்காலியின் நீர்க்குழாய் என்று கண்டனர். கலிஃபோர்னியாவின் ஆனஹைம் நகரில் 2016-இல், பாற்பற்களின் கூழை அகற்றிச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் எழுபதுக்கு மேற்பட்டோர் இத்தகைய குழாய்நீரால் தாடையில் நோயுற்றனர்.

சாதாரண வேலைக்கு நீரின் தரம் ஒரு மில்லிலிட்டருக்கு 500 கிருமித்திரளுக்கு மிகாதிருக்க வேண்டும். ஈற்றையோ எலும்பையோ வெட்டும் வேலையாயின் அக்குழாய்நீரே ஆகாது, தூய்மை செய்து புட்டியில் அடைத்த உப்புநீரைத்தான், அதாவது சலைனைத்தான், பயன்படுத்த வேண்டும் என 2003-இல் அமெரிக்க நெறிமுறை கூறியது. நல்ல விதி. குழாயில் வரும் ஆபத்துக்குப் புட்டியே மாற்று எனக் கொள்ளப்பட்டது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

நம் மாநிலத்திலும் விதிகளுக்குப் பஞ்சமில்லை. மருத்துவ நிலையங்களை ஒழுங்கு செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இல் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் வகுக்கப்பட்டது 2018-இல். இடைப்பட்ட 21 ஆண்டுகளில் நான் பணிபுரிந்த பள்ளியில் நான்கு தலைமுறை மாணவர் படித்து வெளியேறிவிட்டனர். மருத்துவக் கழிவுகளுக்கான விதிகள் 1998-இலும், திருந்திய வடிவில் 2016-இலும் வந்தன. இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சட் பையிலும், ஊசிமுனை துளைபடாத வெண்கலத்திலும் சேர வேண்டும். எக்ஸ்-ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு வேண்டும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் அமர்வதற்கெனத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் ஒன்றை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

அதே காலத்தில்தான், நம் மாநிலத்தின் வடமாவட்டங்களில், ஒரு துயரம் ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது.

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரையில், காய்ச்சலும் தலைவலியும் முகத்தில் தளர்ச்சியுமாகச் சிலர் வேலூருக்கு வந்து சேர்ந்தனர். மூளையைக் கிருமி தாக்கியிருந்தது. அது மெலியாய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி. இந்நோயை முதன்முதலில் இரங்கூன் நகரில் கண்டு 1912-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் விட்மோர் என்னும் ஆங்கில மருத்துவரும், அவரோடு பணிபுரிந்த கிருஷ்ணசாமி என்னும் நம்மவரும் ஆவர். இக்கிருமி ஈரமண்ணிலும் நீரிலும் வாழ்வது. வயலில் இறங்குவோர் காலிற் பட்ட புண் வழியாக உடலுட் புகும். நுரையீரலையும் குருதியையும் தாக்கும். மூளையைத் தாக்குவது அரிது. அரிதான ஒன்று ஒரே வட்டாரத்தில் இத்தனை பேருக்கு வருவானேன் என்று மருத்துவர்கள் ஐயுற்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினரும், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் ஒன்றுகூடித் துருவி ஆராய்ந்தனர். மொத்தம் 21 நோயாளிகள். அவர்களுள் 10 பேர் அண்மையில் ஒரே பல் மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்கள். அப்பதின்மருள் எண்மர் இறந்தனர். மற்றப் பதினொருவருள் இறந்தவர் ஒருவரே.

அந்நிலையத்தில் ஆராய்ந்தபோது, திறந்து பயன்பாட்டிலிருந்த ஒரு சலைன் புட்டியில் அக்கிருமி காணப்பட்டது. புட்டியைத் திறக்க, ஈற்றை எலும்பிலிருந்து நெம்பி விலக்கும் கருவியையே பயன்படுத்தியிருக்கின்றனர்; மிகுந்த நீரை எறியாமல், புட்டியைத் தளர மூடி, அடுத்தவருக்கும் அதிலிருந்தே எடுத்திருக்கின்றனர். குழாய்நீருக்கு மாற்றாக வந்த புட்டி இதுதான். ஆய்வறிக்கை 2025-இல் வெளியாயிற்று.

பல்வலி என்று சென்றவர்கள் அவர்கள். தங்கள் வாயில் பீச்சப்படும் நீர் எந்தப் புட்டியிலிருந்து, அது என்று திறக்கப்பட்டது என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்? சுவரில் தொங்கும் எந்தச் சான்றும் புட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. பள்ளியில் வருகைப் பதிவேடு ஒவ்வொரு நாளும் தவறாமல் நிரப்பப்படும். பையன் வந்து அமர்ந்தான் என்பதை அது காட்டும். அவன் கற்றானா என்பதைக் காட்ட வேறு ஏடு வேண்டும். மருத்துவக் கவுன்சிலின் பதிவேடும் அத்தகையதே. கையில் கருவி பிடித்தவர் கற்றவர் என்று அது சொல்லும். கருவி இன்று காலை நீராவிக்குள் சென்று வந்ததா என்று சொல்ல அதனால் ஆகாது. நூறாண்டுக் காலம் சட்டங்கள் முதற் பதிவேட்டைத் திருத்துவதிலேயே கருத்தாக இருந்தன. அதனால் சந்தையில் துணி விரித்தவர் மறைந்தார்; அது பெரிய நன்மையே. துண்டு மட்டும் உருமாறிப் புட்டியாகத் திரும்பி வந்தது.

இரண்டாம் பதிவேடு ஒன்று உண்டு. ஒழுங்காக நடக்கும் பல் மருத்துவ நிலையங்களில் ஆட்டோகிளேவுக்கு அருகில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் தொங்கும். ஒவ்வொரு முறை கலம் ஏற்றப்படும்போதும் தேதி, மணி, வெப்பம், நிமிடம், ஏற்றியவர் கையெழுத்து ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். வெப்பத்துக்கு எளிதில் மடியாத ஒருவகைக் கிருமியின் வித்துக்களை ஒரு சீட்டில் ஏற்றி, வாரம் ஒருமுறை கருவிகளோடு உள்ளே வைத்து, பின்னர் அவை முளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முளைத்தால், அந்த வாரத்துக் கருவி ஒவ்வொன்றையும் ஐயுற வேண்டும். கருவிப் பொட்டலத்தின் மீது ஒட்டிய நாடாவில் நிறம் மாறியிருப்பது, பொட்டலம் சூட்டுக்குள் சென்று வந்ததற்கு அடையாளம் மட்டுமே. கிருமி செத்ததற்குச் சாட்சி அன்று. நாடாவைக் கண்டே மனநிறைவு கொள்வோர் பலர். மடிந்ததா மடியவில்லையா என்பதை அந்த வித்துச் சீட்டே சொல்லும்.

சென்ற ஆண்டு கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க நான் சென்ற நிலையத்தில், நாற்காலியில் அமருமுன் அந்த நோட்டைக் காட்டுமாறு கேட்டேன். மருத்துவர் சற்றே வியந்தார். உதவியாளராக இருந்த பெண்தான் உடனே உள்ளே சென்று எடுத்து வந்தாள். மூலைகள் மடங்கி, நீர்க்கறை படிந்த நோட்டு அது. கடைசி வரியில் அன்றைய தேதியும், காலை 8.20 என்ற மணியும், அவளுடைய சிறிய கையெழுத்தும் இருந்தன. மேசைமேல் இருந்த சலைன் புட்டியின் முத்திரை எனக்கு முன்னால் உடைக்கப்பட்டது.